ஆத்தங்குடிக் கல் தரை மங்கிவிட்டது, சுவரில் உப்புப் பூக்கிறது: எங்கிருந்து தொடங்குவது?

பள்ளத்தூர்ப் பேத்தி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் ஐயா காலத்து வீட்டைப் பற்றி ஆலோசனை கேட்க எழுதுகிறேன். வீட்டில் இப்போது என் ஆத்தாவும் துணைக்கு ஓர் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். ஆத்தாவுக்கு 74 வயது. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். வீடு நான்கு பங்கு. மற்ற மூன்று பங்காளி வீட்டாரும் படைப்புக்கும் (முன்னோருக்குப் படையலிடும் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டுமே வந்து போவார்கள்.

சென்ற முறை படைப்புக்கு முன்பு, வீட்டைக் கழுவ வந்த ஆட்கள், வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் மீது கழிவறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். அன்று பளிச்சென்றுதான் இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்துக் கிடந்த தரை திட்டுத் திட்டாக வெளுத்து, கையால் தடவினால் சுண்ணாம்புச் சுவரைப் போலச் சொரசொரப்பாக இருக்கிறது. பித்தளைச் சாமான்களைப் புளி போட்டுத் துலக்கி வைத்த இடத்திலும் வட்ட வட்டமாக அதே மாதிரித் தடம் விழுந்திருக்கிறது.

இரண்டாவது, சுவர். ஈரம் ஏறுகிறது என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் இரண்டாங்கட்டுச் (வீட்டின் இரண்டாம் பகுதி) சுவரின் அடிப்பகுதியில் மூன்றடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினோம். இப்போது அந்தப் பட்டைக்குச் சற்று மேலே, நல்ல நிலையில் இருந்த பழைய வெள்ளைப் பூச்சில், உப்புப் பூத்து உதிர்கிறது.

ஒப்பந்தக்காரர் ஒருவர், தரையை இயந்திரம் வைத்துச் சாணை பிடித்து மேலே எபாக்சி என்னும் பிசின் பூச்சு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் கல்லையே பெயர்த்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் பதிக்கச் சொல்கிறார். இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை, ஆனால் மறுத்துச் சொல்ல எனக்கு விவரமும் தெரியவில்லை. கழுவிய ஈரத்தில் ஆத்தா ஒருமுறை வழுக்கி உட்கார்ந்துவிட்டார்கள். நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பயமும் சேர்ந்துகொண்டதால்தான் கேட்கிறேன்.


கல் அச்சு:

வணக்கம். ஆத்தங்குடிக் கல் தொழிலில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் தரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சுவரைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வேலைக்கான அச்சை அதற்குள் இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் முதுகில் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு சாந்து நிரப்பி மட்டம் செய்வார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வைத்து, எடுத்துக் காய வைத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் அப்படியே பதிந்திருக்கும். அதாவது உங்கள் தரையில் இருந்த பளபளப்பு யாரோ மேலே பூசிய பூச்சு அன்று, அது கல்லின் சொந்த முகம். அதன் பிறகு ஆண்டுக்கணக்காக ஈரத்துணியும் மனிதர்களின் காலும் பட்டுப்பட்டு அந்த முகம் இன்னும் மெருகேறியது.

சிமெண்டில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. ஆசிட் பட்டால் அது நுரைத்துக் கரையும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்கின்றன. ஆகவே நீங்கள் காணும் வெளுப்பு அழுக்கு அன்று. கல்லின் முகத்தோல் அரிக்கப்பட்ட தடம். அழுக்கென்று நினைத்து மறுபடி ஏதாவது ஊற்றிக் கழுவினால் தடம் ஆழமாகத்தான் போகும்.

இயந்திரச் சாணை வேண்டவே வேண்டாம். நிறம் இருக்கும் மேலடுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆள் கொஞ்சம் அசந்தால் பூ அழிந்து அடிச்சாந்து வெளியே தெரிந்துவிடும். எபாக்சியும் இந்தத் தரைக்கு ஒத்துவராது. நம் வீடுகளின் தரைக்கடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது, மண்ணின் ஈரம் கல் வழியாகத்தான் மேலே வந்து காற்றில் கலக்கிறது. அதை மூடிவிட்டால் பூச்சு கொப்பளித்து உரியும், உரியும்போது கல்லின் முகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும்.

என்ன செய்யலாம் என்றால், பெட்டி அல்லது பத்தாயம் மறைக்கும் ஒரு மூலையில் ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுங்கள். 400 எண் நீர்த்தாளை (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து, கையாலேயே, அழுத்தாமல், வட்டமாகத் தேய்த்துச் சொரசொரப்பு போனதும் 800 எண் தாளால் முடியுங்கள். சுத்தமான தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, முழுக்கக் காய்ந்த பின் பாருங்கள். திருப்தியாக இருந்தால், வெளுத்த கற்களை மட்டும் இப்படிச் செய்தால் போதும். ஒரு நாளைக்கு நான்கைந்து கல் என்று பொறுமையாகச் செய்யக்கூடிய வேலை இது. பிறகு துணியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புதிதாகப் பதித்த தரையை நெல் உமி தூவித் தேய்த்து மெருகேற்றுவதும் உண்டு.

அதற்கும் சரியாகாத அளவுக்கு அரித்துப்போன கல் சில இருந்தால், அதே பூவில் புதுக் கல் செய்து தருவார்கள். நிறத்தைக் கைப்பேசிப் படத்தில் காட்டினால் பொருந்தாது. உடைந்த பழைய கல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.


தேவகோட்டை ஆச்சி:

பள்ளத்தூர்ப் பேத்தி என்று பெயர் வைத்திருக்கிறாய், எனக்கும் பேத்தி வயதுதான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன் அம்மா. கல் அச்சுத் தம்பி சொன்ன கல் விவரமெல்லாம் சரி. ஆனால் தேங்காயெண்ணெய் விஷயத்தில் அவருடைய யோசனையை உன் வீட்டுக்கு நான் ஏற்க மாட்டேன். ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில், பத்துப் பேர் துடைத்துத் துடைத்து எண்ணெய் இழுத்துக்கொள்ளும் தரைக்கு அது சரி. 74 வயது மனுஷி காலையில் எழுந்து வளவைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போகிற வீட்டில் எண்ணெய் தொட்ட துணியே தரையில் படக்கூடாது. பளபளப்பு ஒரு வருஷம் கழித்து வரட்டும். இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடப்பதற்குள் என்ன பாடு என்பதை என் கொழுந்தியாள் வீட்டில் கண்ணால் பார்த்தவள் நான்.

துடைப்பதில் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஈரத்துணி போடுவதற்கு முன்னால் பூந்துடைப்பத்தால் ஒருமுறை முழுவதும் கூட்டிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊர் செம்மண்ணும் மணலும் ஈரத்துணியோடு சேர்ந்தால் தரையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் துணியை அலசுங்கள், மற்றதில் இருந்து நல்ல தண்ணீரை எடுங்கள். சோப்புத் தண்ணீர் வாரம் ஒருமுறை போதும், அதுவும் ஒரு வாளிக்கு ஒரு சிட்டிகை அளவு. மிஞ்சிய சோப்பு தரையில் படலமாகத் தங்கி, காய்ந்தால் மங்கலாகவும் நனைந்தால் வழுக்கலாகவும் மாறும். உன் ஆத்தா வழுக்கியது கல்லால் அல்ல, அலசாமல் விட்ட சோப்பால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஈரத்துணி போட்ட பின் காய்ந்த துணியால் ஒரு கை துடைத்துவிடச் சொல். துடைக்கும் வேலையை ஆத்தா பலகாரம் சாப்பிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மாற்றிவிடு. இரவில் படுக்கையிலிருந்து குளியலறை வரை சின்ன விளக்கு எரியட்டும், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்துவிடு. கழன்று ஓடும் கால்மிதிகளையெல்லாம் எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் ஒட்டியதாக மட்டும் வைத்துக்கொள்.

பித்தளையை வளவில் வைத்துத் துலக்குவது கூடவே கூடாது. பின்கட்டில் கருங்கல் தளத்தில் வைத்துத் துலக்கி, நன்றாக அலசித் துடைத்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். எங்கள் அப்பத்தா காலத்திலேயே புளித் தண்ணீரை வளவுக்குள் விடமாட்டார்கள். கோலத்துக்குக் கல்மாவு வேண்டாம், பச்சரிசியை அரைத்து மாக்கோலமாகப் போடுங்கள். கல்மாவு காலடியில் அரைபட்டுத் தரையைக் கீறும். மஞ்சள் சிந்தினால் அப்போதே துடைத்துவிடுங்கள். மறுநாள் துடைத்தால் போகாது.

இன்னொன்றை எல்லாருக்குமாகச் சொல்கிறேன். கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுக் காற்று கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரிந்து, நெஞ்சு அடைக்கும்; மூடிய அறையானால் உயிருக்கே ஆபத்து. வேலைக்கு வருகிறவர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லி வையுங்கள், பாவம், அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சாமான் அறையில் இருக்கும் அண்டா, குண்டாக்களையும் கவிழ்த்து வைத்துவிடு. முற்றத்து மழைத் தண்ணீர் தேங்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் காயவைக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய முட்டை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்தால்தான் போகும்.


கல் அச்சு:

ஆச்சி சொல்வது நியாயம். எண்ணெய் யோசனையை நான் பொதுவாக எழுதினேன், வீட்டில் பெரியவர் இருப்பதை எண்ணிப் பார்க்கவில்லை. பேத்தி அதை விட்டுவிடட்டும். நீர்த்தாள் வேலையும் தினசரி ஈரத்துணியுமே போதும், மெருகு மெதுவாகத் திரும்பும்.


சுண்ணாம்புக் கொத்தனார்:

வணக்கம் சகோதரி. காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்க்கிறேன். உங்கள் சுவரின் கதையை நான் பார்க்காமலே சொல்ல முடியும், ஏனென்றால் நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே மூன்றடி சிமெண்ட் பட்டைதான்.

செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது இயற்கை. சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் அடிப்பகுதியிலேயே பூச்சின் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. நீங்கள் சிமெண்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டுவிட்டது. அடைபட்ட ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, சிமெண்ட் முடியும் இடத்துக்கு மேல், சுண்ணாம்புப் பூச்சு கிடைத்த முதல் இடத்தில் வெளியே வருகிறது. வரும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, தண்ணீர் காற்றில் போக, உப்பு மட்டும் பூச்சில் தங்கிப் பூக்கிறது. ஐந்தடிக்குச் சிமெண்ட் பூசினால் ஆறடியில் பூக்கும்.

அதனால் முதல் வேலை அந்தச் சிமெண்ட் பட்டையைப் பெயர்ப்பது. சுத்தியலால் ஓங்கி அடிக்காமல், உளி வைத்து மெதுவாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும். எடுத்த பின் ஒரு கோடைக்காலம் முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

இதைவிட முக்கியம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. இரண்டாங்கட்டுச் சுவர் என்கிறீர்கள். அதற்கு மேலே நாட்டு ஓடு விலகியிருக்கிறதா, முற்றத்துக்கு மழைநீரை இறக்கும் தகரவாரி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு இலையும் மண்ணும் சேர்ந்து அடைத்திருக்கிறதா என்று ஐப்பசி மழையில் ஒருநாள் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். சுவரையொட்டி வெளியே யாராவது மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தியிருந்தால் அதையும் வெட்டி இறக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்தாமல் பூசுகிற எந்தப் பூச்சும் வீண்செலவுதான்.

பூசும்போது, தண்ணீரில் நீற்றி நாள்பட ஊறிய சுண்ணாம்பும் சலித்த மணலும் சேர்த்து அரைத்த காரைதான் அடிப்பூச்சுக்கு. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை அதில் சேர்ப்போம். மேலே போகப் போக மணல் நைசாகி, பூச்சு மெல்லியதாகி, கடைசிப் பூச்சில் வெண்சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்காகத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. உங்களுக்கு மூன்றடிப் பட்டைக்கு அந்தக் கடைசி மெருகு கட்டாயமில்லை. பணம் கையைக் கடித்தால் அடிப்பூச்சும் நடுப்பூச்சும் முடித்து, வெள்ளையடித்து நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள், அது மறுபடி மூடி போட்ட கதையாகிவிடும்.

சுண்ணாம்புப் பூச்சு மெதுவாக உலர வேண்டும். தை, மாசியில் தொடங்கினால் அக்கினி நட்சத்திரத்துக்கு முன் நன்றாகப் பிடித்துவிடும். வீட்டிலேயே சுண்ணாம்பு நீற்றுவதானால், தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் என் ஆட்களை நான் அந்த வேலைக்கு விடுவதில்லை. அன்றைக்கு ஆத்தா அந்தப் பக்கம் வரவேண்டாம்.


பள்ளத்தூர்ப் பேத்தி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் ஊருக்கு வந்து, பத்தாயத்துக்குப் பின்னால் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நீர்த்தாளால் தேய்த்துப் பார்த்தேன். முழுப் பளபளப்பு வரவில்லை, ஆனால் வெளுப்புப் போய்ச் சிவப்பும் பச்சையும் பழையபடி தெரிகின்றன. ஆத்தா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தகரவாரியில் ஒரு முழ நீளத்துக்கு ஓட்டை இருப்பதையும், கொத்தனார் அண்ணன் சொன்ன இடத்துக்கு நேர் மேலேயே அது இருப்பதையும் கண்டுபிடித்தேன்.

இப்போது மிச்சம் இருப்பது பணம்தான். எல்லாச் செலவையும் ஆத்தா தனியாகத் தாங்க முடியாது. பங்காளி வீட்டாரிடம் ஒவ்வொரு முறையும் கேட்பதற்கும் ஆத்தாவுக்குக் கூச்சமாக இருக்கிறது. மற்ற வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள்?


ஐந்து பங்கு வீடு:

எங்கள் வீடு கண்டனூரில் ஐந்து பங்கு. பல ஆண்டுகள் இதே கூச்சத்தில் சும்மா இருந்து, கடைசியில் முகப்பு ஓடு சரிந்து, உத்திரக் கட்டையில் கரையான் ஏறிய பிறகுதான் விழித்தோம். முன்பே ஓடு மாற்றியிருந்தால் ஆன செலவைப் போலப் பல மடங்கு ஆயிற்று. ஆகவே உங்கள் வரிசையில் தகரவாரியும் ஓடும் முதலில் வரட்டும், சுவர் அடுத்து, தரையைக் கடைசியில் வையுங்கள். தரைக்குக் கொத்தனாரே தேவையில்லை என்பது எவ்வளவு பெரிய மிச்சம்!

பணத்தை வேலை வரும்போது கேட்பதை நிறுத்திவிட்டு, மாதம் தோறும் சிறு தொகையாகச் சேர்க்கத் தொடங்கினோம். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு இதற்குப் பொருத்தமாக இருக்கிறது: மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், காலம் 5 ஆண்டுகள். கூட்டுக் கணக்கில் மூன்று பேர் வரைதான் சேர முடியும் என்பதால், நான்கு பங்கான நீங்கள் இரண்டிரண்டு பேராக இரண்டு கணக்குகள் தொடங்கலாம். ஓராண்டு தவறாமல் கட்டிய பிறகு, திடீர்ச் செலவு வந்தால், இருப்பில் பாதி வரை கடன் எடுக்கவும் வழி இருக்கிறது. கணக்கை உடைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் தம்பியின் பங்கை உங்கள் ஆத்தா பெயரில் கட்டுவதே எளிது.

இதைத் தொலைபேசியில் பேசினால் நடக்காது. அடுத்த படைப்புக்கு எல்லாரும் கூடும்போது, படையல் முடிந்து பந்தி எழுந்த பிறகு, ஓட்டையான தகரத்தையும் உப்புப் பூத்த சுவரையும் நேரில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கள் வீட்டில் பேச்சை மாற்றியது அந்த ஐந்து நிமிடம்தான். என்ன வேலை, என்ன செலவு, யார் கொடுத்தது என்று ஒரே நோட்டில் எழுதி, பற்றுச்சீட்டை ஒட்டி, அந்த நோட்டை வீட்டிலேயே வையுங்கள். வருகிறவர் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும். அடுத்த முறை கழுவ ஆள் அமர்த்துபவர் யாராக இருந்தாலும் படிக்கும்படி, ஆசிட் கூடாது, புளி கூடாது என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.


பள்ளத்தூர்ப் பேத்தி:

நோட்டு இன்றே வாங்கிவிட்டேன். தகரவாரியை அடைக்க நாளைக் காலை ஆள் வருகிறார். சிமெண்ட் பட்டையை மழை முடிந்ததும் பெயர்க்கத் தொடங்குகிறோம். ஆச்சியிடம் ஒரே ஒரு சந்தேகம்: குச்சி மாப் பயன்படுத்தலாமா, இல்லை குனிந்துதான் துடைக்க வேண்டுமா? துணைக்கு இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி.


தேவகோட்டை ஆச்சி:

தாராளமாக மாப் போடச் சொல் அம்மா, அவர்களும் வயதானவர்தானே. தலையில் பருத்தி நூல் இருப்பதாகப் பார்த்து வாங்கு, நன்றாகப் பிழிந்து போடச் சொல். பழைய பருத்திச் சேலைத் துணியைக் காய்ந்த துடைப்புக்கு வைத்துக்கொள். அதைக் கையால் செய்ய வேண்டாம், இன்னொரு குச்சியில் சுற்றிக்கொண்டால் நின்றபடியே துடைக்கலாம்.